மாவும் காணியும்: திண்ணைப்பள்ளி எண்சுவடியும் இன்றைய தொடக்கநிலைக் கணிதமும்

ஆய்வுச்சுருக்கம்

பின்னம் இன்றைய தொடக்கநிலை மாணவர்க்குக் கடினமான பாடப்பகுதியாக உள்ளது. திண்ணைப்பள்ளியிலோ அது முதற்பாடங்களுள் ஒன்றாக இருந்தது. இவ்வேறுபாட்டின் காரணத்தை எண்சுவடியின் அமைப்பைக் கொண்டு விளக்கி, திருப்பருத்திக்குன்றம் போன்ற நெசவுச் சூழல்சார்ந்த ஊர்களின் வகுப்பறைக்கு அதனால் விளையும் பயனை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எண்சுவடி, திண்ணைப்பள்ளி, பின்னம், முகத்தலளவை, நெசவு

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள திருப்பருத்திக்குன்றம், திரைலோக்கியநாதர் கோயிலால் சினகாஞ்சி எனப் புகழ்பெற்ற சமணத்தலமாகும். சமணத் துறவியர் உறைவிடத்தைச் சுட்டிய ‘பள்ளி’ என்னும் சொல்லே பின்னர்க் கல்விக்கூடத்திற்கும் பெயராயிற்று என்பர். அப்பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. சோழர்காலக் கல்வெட்டுகள் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி எனப் பகுத்துக் குறித்தன. இதே பின்னப்பெயர்களைப் பிற்காலத்துத் திண்ணைப்பள்ளிச் சிறுவரும் வாய்விட்டுச் சொல்லிப் பயின்றனர்.

எண்சுவடியின் அமைப்பு

திண்ணைப்பள்ளிக் கணக்குப்பாடம் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என விரியும். பொன்னிலக்கம் ‘ஒன்று’ என்னும் எண்ணிலிருந்து தொடங்குவதில்லை. 1/320 ஆகிய முந்திரியிலிருந்து தொடங்குகிறது. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நெல்லிலக்கம் இதே முறையை முகத்தலளவைக்குப் பொருத்துகிறது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். குழிமாற்று நிலப்பரப்பைக் கணிக்கப் பயன்பட்டது.

இவ்வமைப்பின் திறத்தை ‘மாகாணி’ என்னும் ஒரு சொல்லே புலப்படுத்தும். மா 1/20, காணி 1/80. இவ்விரண்டையும் கூட்ட, இன்றைய மாணவர் பகுதிகளின் மீச்சிறு பொதுமடங்கைக் காண வேண்டும். திண்ணைப்பள்ளி மாணவரோ மா என்பது நான்கு காணி என அறிந்தவர். அதனுடன் ஒரு காணி சேர ஐந்து காணி. எண்பதில் ஐந்து பதினாறில் ஒன்று. கூட்டலின் விடையே பின்னத்தின் பெயராக அமைந்துவிடுகிறது. பின்னம் இங்கு ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்ட இரு எண்களாக இல்லாமல், தனிப்பெயரும் அளவும் உடைய பொருளாக நிற்கிறது.

மனனமும் புரிதலும்

திண்ணைப்பள்ளிக் கல்வி வெறும் மனப்பாடம் எனக் காலனியக் கல்வியாளர் பலர் இகழ்ந்தனர். இம்மனனம் பொருளற்ற ஒப்பித்தலன்று என்பதையும், நெல்லளத்தல், நிலமளத்தல், கூலி கணக்கிடல் ஆகிய நடைமுறைகளோடு பிணைந்தது என்பதையும் வரலாற்றாய்வாளர் செந்தில்பாபுவின் ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. முன்னேறிய மாணவர் பிறர்க்குக் கற்பித்த சட்டாம்பிள்ளை முறையும் இதன் கூறாகும்.

எனினும் இம்முறையைப் பொற்காலமாகப் போற்றுதல் பொருந்தாது. தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்தின் 12,498 கல்விக்கூடங்களில் பயின்ற 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேரே. சாதியாலும் பலர்க்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. தண்டனைகளும் கொடியனவாக இருந்தன.

அளவை மாற்றமும் பாட மாற்றமும்

எண்சுவடி வழக்கொழிந்தமைக்குப் புதிய பாடநூல்கள் மட்டும் காரணமல்ல. ஒரு ரூபாய் 16 அணாவாக இருந்தவரை, ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. 1957 ஏப்ரல் 1இல் ரூபாய் 100 நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. தொடர்ந்து மெட்ரிக் அளவைகளும் நடைமுறைக்கு வந்தன. கடைத்தெருவில் பயன் குன்றியதும் பின்னவாய்ப்பாடு வகுப்பறையிலும் உயிரிழந்தது. பதின்ம முறை கணக்கீட்டை எளிதாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பின்னம் அளவையிலிருந்து பிரிந்து, நிழலிட்ட வட்டப்படமாகச் சுருங்கியது.

இப்பிரிவின் விளைவைப் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவணிகச் சிறுவரிடம் நிகழ்ந்து 1985இல் வெளியான ஆய்வு உணர்த்துகிறது. விற்பனையின்போது ஏறத்தாழ 98 விழுக்காடு கணக்குகளைச் சரியாகச் செய்த அச்சிறுவர், அதேவகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் தந்தபோது ஏறத்தாழ 37 விழுக்காடே சரியாகச் செய்தனர். அவர்களிடம் இல்லாதது கணித அறிவன்று. அவ்வறிவுக்கும் பள்ளிக் கணிதத்திற்கும் இடையிலான பாலமே.

நெசவூர் வகுப்பறை

காஞ்சிபுரம் வட்டாரப் பிள்ளைகளுக்கு அப்பாலம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. பட்டுச்சேலை வடிவமைப்பு முதலில் கட்டத்தாளில் வரையப்படுகிறது. அதன் கட்டங்கள் பாவு இழையையும் ஊடை இழையையும் குறித்து நிற்கின்றன. சமச்சீர், விகிதம், பரப்பளவு ஆகிய மூன்றும் அத்தாளில் அடங்கியுள்ளன. 5.5 மீட்டர் நீளத்தில் 25 செ.மீ.க்கு ஒரு வரிசையாகப் புட்டா அமைத்தால் எத்தனை வரிசை என்னும் வினா, வகுத்தலையும் தசமத்தையும் ஒருங்கே கற்பிக்கும். 25 செ.மீ. என்பது கால் மீட்டர் என உணரும் பிள்ளை, ஐந்தரையில் எத்தனை கால் எனக் கேட்டு 22 என்னும் விடையை எளிதில் அடையும்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்திச் செயல்பாடுகள்வழிக் கற்பிக்கிறது. அச்செயல்பாடுகளில் உள்ளூர் அளவைகளுக்கு இடமளிப்பது இயலக்கூடியதே. ஆனால் தறியின் கணக்கு வகுப்பறைக்கு வர வேண்டுமேயன்றி, பிள்ளை தறிக்குச் செல்லுதல் கூடாது. குழந்தை உழைப்பின் கசப்பான வரலாறுடைய தொழிலில் இவ்வரையறை இன்றியமையாதது.

முடிவுரை

திண்ணைப்பள்ளியிடமிருந்து இன்று கொள்ளத்தக்கது அதன் வாய்ப்பாடன்று. அளவையோடு எண்ணை இணைத்த அதன் நெறியாகும். தள்ளத்தக்கவை அதன் விலக்கலும் தண்டனையும். பள்ளிச்சந்த நிலத்தை மாவும் காணியுமாகக் கணித்த மரபுடைய மண்ணில், பின்னம் பிள்ளைகளுக்கு அயலானதாகத் தோன்றுவது அவர்தம் குறையன்று. கற்பிக்கும் முறையின் குறையே.