கட்டில் காலியானால்தான் கதவு திறக்கும்

ஆம்பூரில் ஷூ கம்பெனி விட்டு ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். காலையில் போய் நின்றால் ஒருநாள் கூலி போச்சு. அதனால் மூன்று நாள் காய்ச்சல்காரரும், தையல் மெஷினில் விரலைக் கொடுத்தவரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: கேஷுவாலிட்டி.

அங்கே கூட்டம் நெரிந்தால் பழி காய்ச்சல்காரர் மீதுதான் விழும். இது அநியாயம். கனடாவின் ஒன்டாரியோ மாகாண மருத்துவமனைகளைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எட்டு மணி நேரத்தில் சில்லறை உபாதைக்காரர்கள் பத்துப் பேர் கூடுதலாக வந்தால், மற்ற நோயாளிகள் அங்கே இருக்க வேண்டிய நேரம் சராசரியாக 5.4 நிமிடம்தான் கூடியது. ஊசியும் மாத்திரையும் வாங்கிப் போகிறவருக்குக் கட்டில் எதற்கு?

கட்டில் தேவைப்படுகிறவர்கள் வேறு ரகம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். பூச்சிமருந்து விஷத்தால் மூச்சு முடங்கி, நாள்கணக்கில் வென்டிலேட்டரில் இருக்க வேண்டியவர். முதலுதவி முடிந்துவிடும். ஆனால் ஐ.சி.யூ.வில் இடமில்லை என்றால், ஸ்ட்ரெச்சரே அவருக்கு வார்டு. அடுத்து வரும் 108 வண்டிக்கு அந்த ஸ்ட்ரெச்சரும் இல்லை.

'வேலூருக்குக் கொண்டுபோங்க' என்ற வார்த்தை இங்கே எல்லோருக்கும் பழக்கம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர் அடங்கிய திருப்பத்தூருக்கும் ராணிப்பேட்டைக்கும் ஆட்சியர்கள் வந்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரி வரவில்லை. 2005இல் தொடங்கிய அடுக்கம்பாறைக் கல்லூரி மருத்துவமனைதான் இன்னமும் அந்தச் சுமையைத் தாங்குகிறது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கதை தனி. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த இடத்துக்கு இன்று ஜார்க்கண்டிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். 2022இல் ராணிப்பேட்டை வளாகம் திறந்தது. ஆனால் எங்கே கட்டில் போட்டாலும், உடம்பு தேறியவர் எழுந்து போனால்தான் அடுத்தவருக்கு இடம். டிஸ்சார்ஜ் எழுதியபின் பில், இன்சூரன்ஸ் ஒப்புதல், மருந்து, தூரத்து ஊர்க்காரருக்கு ரயில் டிக்கெட் என்று பொழுது சாய்ந்துவிடும்.

தமிழக அரசு மருத்துவமனைகளில் இப்போது வருபவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, யாரை முதலில் பார்ப்பது என்று அது சொல்லும், கட்டிலைக் கொடுக்காது. ஆம்பூரில் மாலை ஓ.பி.யை வலுப்படுத்தினால் தொழிலாளியின் கூலி மிஞ்சும். ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரோ, மாடி வார்டில் நேற்றே தேறிவிட்ட யாரோ ஒருவருடைய டிஸ்சார்ஜ் முடிவதற்காகக் காத்திருக்கிறார்.