மர வளையங்களில் 24 வறண்ட ஆண்டுகள்

அமெரிக்கத் தென்மேற்கில் புவெப்லோ மக்கள் பாறைக் குடைவுக்குள் கட்டிய பழைய வீடுகளின் உத்திரங்கள் பெரும்பாலும் டக்ளஸ் ஃபிர், ஜூனிப்பர் மரங்கள். குறுக்கே அறுத்தால் ஆண்டுக்கு ஒரு வளையம். அதன் வெளிர்ப்பகுதி குளிர்காலப் பனி உருகிய ஈரத்தில் வளர்ந்தது. கருத்த விளிம்பு கோடையில் வளர்ந்தது. நீர் குறைந்த ஆண்டில் வளையம் நூலாக மெலியும்.

வளையத்தை எண்ணினால் மட்டும் காலம் தெரிந்துவிடாது. எப்போதோ வெட்டிய கட்டையின் வளைய வரிசையை இன்று நிற்கும் மரத்தோடு பொருத்த வேண்டும். இப்படிப் பொருத்த முயன்ற வானியலாளர் ஏ. இ. டக்ளஸுக்கு, இரண்டு வரிசைகளுக்கும் இடையில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தது. 1929இல் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் தோண்டியெடுத்த கரிந்த பைன் கட்டை ஒன்று அதை நிரப்பியது. எரிந்த மரம் கரியானதால் மட்காமல் தப்பியிருந்தது என்பது வேடிக்கைதான்.

இப்படிப் பொருத்திய வரிசையில் 1276 முதல் 1299 வரை வளையங்கள் மெலிந்தே கிடக்கின்றன. இங்கு வாழ்ந்த புவெப்லோ மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணியை மேட்டுநிலத்தில் பெரும்பாலும் மானாவாரியாகப் பயிரிட்டவர்கள். ஓரிரு ஆண்டு பொய்த்தால் சேமித்த தானியம் தாங்கும். இத்தனை ஆண்டுகளை எந்தக் குதிர் தாங்கும்? ஆனால் பழியெல்லாம் வானத்தின் மேல் போடுவதற்கில்லை. முந்தைய வறட்சிகளை இதே மக்கள் கடந்திருக்கிறார்கள். இம்முறை மக்கள்தொகை கூடியிருந்தது, சண்டைகளும் இருந்தன.

1280களுக்குப் பிறகு இங்கே புதிதாக மரம் வெட்டிக் கட்டிய தடயம் ஏறக்குறைய இல்லை. மக்கள் இவ்விடத்தை விட்டுத் தெற்கே போனார்கள்; அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று நியூ மெக்சிகோ, அரிசோனா புவெப்லோ ஊர்களில் வாழ்கிறார்கள்.