முதல் நூலும் இலக்கிய ஏஜெண்டும்

இங்கிலாந்தில் முதல் நாவலை எழுதி முடித்த ஒருவர், பிரதியை எடுத்துக்கொண்டு நேரே பிரசுராலயத்திற்குச் செல்வது அபூர்வம். ஏனெனில் லண்டனிலுள்ள பெரிய பிரசுராலயங்களில் பெரும்பாலானவை, முன்பின் அறியாதவர்கள் தாமாக அனுப்பும் கையெழுத்துப் பிரதிகளை ஏற்பதில்லை. நூலின் தகுதியை ஆராய்ந்து, அதற்கேற்ற பிரசுரகர்த்தரைத் தேர்ந்து, தொகை பேசி, ஒப்பந்தத்தின் ஷரத்துக்களை ஆசிரியரின் க்ஷேமம் கருதிப் பரிசீலிக்கும் இலக்கிய ஏஜெண்டின் மூலமாகவே பிரதிகள் அங்கே போய்ச் சேருகின்றன.

இத்தொழிலின் ஆதிபுருஷர் என்று பொதுவாகக் கருதப்படுபவர் ஏ. பி. வாட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1875-ஆம் ஆண்டையொட்டி லண்டனில் இதைத் தொடங்கிய அவர், நாளடைவில் தாமஸ் ஹார்டி, கிப்ளிங், கானன் டாயில் முதலிய பிரசித்த ஆசிரியர்களின் காரியங்களை நிர்வகித்து, அவர்களுக்குக் கிடைத்த தொகையில் நூற்றுக்குப் பத்து வீதம் கமிஷன் பெற்றார். பிரசுரகர்த்தர்கள் பலருக்கு இந்த இடையாளைப் பிடிக்கவில்லை. அவர்களுள் ஒருவரான வில்லியம் ஹைனமன் 1893-இல் பகிரங்கமாகவே கண்டித்தார். ஆயினும், சட்ட நுணுக்கம் அறியாத எழுத்தாளர் சொற்பத் தொகைக்குத் தம் உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடும் அநியாயத்திற்கு ஒரு பரிகாரமாக அமைந்ததால், அத்தொழில் வேரூன்றிவிட்டது. இன்று அந்தக் கமிஷன் பொதுவாக உள்நாட்டு வருமானத்தில் 15 சதவீதம். அந்நிய தேச உரிமைகளிலும் மொழிபெயர்ப்பு உரிமைகளிலும் பெரும்பாலும் 20 சதவீதம்.

ஏஜெண்டை நாடுபவர் முதலில் தம் நாவலைப் பூர்த்திசெய்து திருத்தி வைத்திருத்தல் அவசியம். ஆரம்ப அத்தியாயங்களைப் படித்து ஆவலுற்ற ஏஜெண்ட் முழுப் பிரதியையும் கேட்கும்போது, இன்னும் எழுதவில்லை என்று சொல்ல நேர்ந்தால் அந்தச் சந்தர்ப்பம் கைநழுவிப் போகும். அடுத்து, தாம் எழுதியதையொத்த நூல்களின் நன்றியுரைப் பக்கங்களைப் புரட்டினால், அந்த ஆசிரியர்களின் ஏஜெண்டுகள் யார் என்பது பல சமயங்களில் தெரியவரும். அவர்களுள் பொருத்தமானவர்களுக்கு ஒரு பக்க அறிமுகக் கடிதமும், முடிவையும் மறைக்காத கதைச் சுருக்கமும், முதல் மூன்று அத்தியாயங்களும் அனுப்புவது இங்கிலாந்தின் வழக்கம். ஒரே சமயத்தில் சிலருக்கு அனுப்புவதில் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொருவரும் கேட்கும் முறையை அட்சரம் பிசகாமல் அனுசரிக்க வேண்டும்.

நிராகரிப்பால் மனந்தளர்வது கூடாது. ஜே. கே. ரோலிங் தம் முதல் நாவலின் ஆரம்ப அத்தியாயங்களை முதலில் அனுப்பிய ஏஜெண்ட் அதை வேண்டாமென்றார். அடுத்து கிறிஸ்டோபர் லிட்டில் என்பவரின் ஏஜென்ஸி ஏற்றுக்கொண்டது. அதன்பின்னும் பிரசுராலயங்கள் பல மறுத்த பிறகே ப்ளூம்ஸ்பரி நிறுவனம் இசைந்து, 1997-இல் முதல் ஹாரி பாட்டர் நூல் வெளிவந்தது. ஒரு மறுப்பு என்பது ஒரு மனிதரின் அபிப்பிராயமேயன்றி நூலின் விதியாகாது.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது பண விஷயம். பிரசுரகர்த்தர் தரும் முன்பணமும் ராயல்டியும் ஏஜெண்டின் கைக்கே வரும். அவர் தம் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை ஆசிரியருக்கு அனுப்புவார். ஆசிரியர் சம்பாதித்தாலொழிய ஏஜெண்டுக்கு ஊதியமில்லை என்பதே இவ்வுறவின் தர்மம். ஆகவே பிரதியைப் படிப்பதற்கென்றோ, பதிவுக்கென்றோ முன்கூட்டிப் பணம் கேட்பவரிடமிருந்து விலகிக்கொள்வதே விவேகம். கையெழுத்திடும் முன், கமிஷன் எவ்வளவு, எந்தெந்த உரிமைகள் ஏஜெண்டின் வசம், உறவை முறித்துக்கொள்ளும் வழி யாது என்பவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் பதிப்பாளரிடம் நேரிலேயே பேசிக்கொள்கின்றனர். ஆனால் ஆங்கிலத்தில் எழுதி அந்நிய தேசத்தில் பிரசுரிக்க விழைவோருக்கு ஏஜெண்டின் மார்க்கம் பெரும்பாலும் இன்றியமையாதது. அத்தகைய அன்பர்கள் தம் எழுத்தைத் தம்மால் இயன்றமட்டும் செம்மைப்படுத்திவிட்டு, பொறுமையோடு தகுந்தவரைத் தேடுவார்களாக. நூல் விற்பதற்கு முன் ஒரு காசும் எவருக்கும் கொடாதிருப்பார்களாக.