ஆன்டெனாவை இஷ்டத்துக்குச் சுருக்க முடியாதது ஏன்?

கைப்பேசியில் எஃப்.எம். கேட்க இயர்போன் வயரைச் செருகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அந்த வயர்தான் ஆன்டெனா. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 75 செ.மீ. கம்பி, நன்றாக ஒத்ததிரும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 3 செ.மீ. போதும், உள்ளேயே அடங்கிவிடுகிறது. கம்பியை நெளித்து மடக்கினால் என்ன? மடக்கலாம், ஒத்ததிர்வும் கிடைக்கும். ஆனால் 1947இல் பொறியாளர் வீலரும் 1948இல் பொறியாளர் சூவும் காட்டியபடி, அலைநீளத்தைவிட ஆன்டெனா மிகச் சிறிதானால் ஆற்றல் பரவாமல் அதைச் சுற்றியே தேங்கும். ஆன்டெனாவை அடக்கும் கோளத்தின் ஆரம் பாதியானால், கிடைக்கக்கூடிய அலைவரிசை அகலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும்.

அப்படியானால் 19 செ.மீ. ஜிபிஎஸ் அலையை 25 மி.மீ. பீங்கான் வில்லை பிடிப்பதெப்படி? பீங்கானுக்குள் அலை சுருங்குகிறது. தேவைப்படும் அகலமும் சில மெகாஹெர்ட்ஸ்தான். சிறிய உருவம், அகன்ற அலைவரிசை, உயர்ந்த திறன் மூன்றையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.