மண்ணில் விழுந்த இடுக்கி

நான் சிறுவனாயிருந்த காலத்தில், சேலத்தை அடுத்த எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வாந்திபேதித் தடுப்பூசி போட வருவார்கள். அஞ்சிச் சோளக்கொல்லையில் ஒளிந்தவர்களுள் நானும் ஒருவன். அந்நோய்க்குத் தாம் கண்ட மருந்தை 1892-ஆம் ஆண்டில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்த ஒருவரைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது, அந்தச் சோளக்கொல்லை நினைவுக்கு வந்தது, வெட்கமாயிருந்தது.

அவர் வால்டெமர் ஹாஃப்கின். 1860-இல் ஒடெஸ்ஸா நகரில் பிறந்த யூதர். மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர், விலங்கியல் கற்றவர். மதம் மாறினாலன்றி ருஷ்யாவில் கல்லூரிப் பதவி கிட்டாது என்றபோது, மதத்தை விடாமல் நாட்டை விட்டார். பாரிஸில் பாஸ்டர் நிலையத்து நூலகத்தில் உதவியாளராய் அமர்ந்து, கிடைத்த நேரத்தில் கிருமிகளை ஆராய்ந்தார்.

1893-இல் இந்தியா வந்தார். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவவே, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி தொடங்கினார். இறைச்சி ரசத்தில் நெய்த்துளிகளை மிதக்கவிட்டுக் கிருமிகளை வளர்த்து, சூடேற்றிக் கொன்று மருந்தாக்கினார். நம் வீட்டு நெய் விஞ்ஞானத்துக்கு உதவிய இடம் இது! 1897 ஜனவரி 10-ஆம் நாள் அதையும் முதலில் தாமே ஏற்றுக்கொண்டார்.

பிறகு வந்தது பேரிடி. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் ரணஜன்னி கண்டு மாண்டனர். விசாரணைக் குழு ஹாஃப்கினின் கூடத்தின்மீது பழி சுமத்தியது. அவர் பதவி இழந்தார்.

உண்மை எங்கே இருந்தது? மற்றக் குப்பிகளால் எவருக்கும் தீங்கில்லை. ரணஜன்னிக் கிருமி குப்பிக்குள் பலநாள் வளர்ந்திருந்தால், திறந்தவுடன் நாறியிருக்கும். அந்தக் குப்பி நாறவில்லை. ஆகவே திறந்தபிறகே மாசு சேர்ந்திருக்க வேண்டும். அன்று தக்கையைப் பிடுங்கிய இடுக்கி மண்ணில் விழுந்திருந்தது! உதவியாளர் அதை நெருப்பில் காட்டாமல், கார்பாலிக் நீரில் சற்றே அலசிவிட்டு எடுத்துக்கொண்டார். ரணஜன்னிக் கிருமியின் உறைவிடமோ மண்.

இத்துணை எளிய நியாயம் எடுபட ஐந்தாண்டுகள் ஆயின. 1907-இல் ரொனால்ட் ராஸ் முதலிய பத்து அறிஞர்கள் லண்டன் டைம்ஸில் அவருக்காக எழுதினர். அவ்வாண்டிலேயே அரசு பழியை நீக்கியது. கல்கத்தாவில் வேலை கொடுத்தார்கள்; ஆனால் மருந்து தயாரிக்கும் பொறுப்பை மீண்டும் தரவில்லை. அரைமனத்தோடு வழங்கிய நீதி என்றே நான் கருதுகிறேன்.

1925-இல் பம்பாய்ப் பரேலில் இருந்த அவரது ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அப்போது அவர் இந்தியாவில் இல்லை. 1930-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.