பட்டறை இணையத்தில் ஏறும், பிறகு?

கொழும்பில், கொட்டாஞ்சேனையிலிருந்து ஜிந்துப்பிட்டி வழியாகச் செட்டியார் தெருவுக்கு வந்தால் கண்ணில் படுவது நகைக்கடைகளின் வெளிச்சம். நகை செய்யும் பத்தர்மாரின் பட்டறைகளைத் தேடித்தான் போகவேண்டும். உமியோட்டில் கரி கனிகிறது. இணைக்கவேண்டிய இடத்தில் வெங்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து, ஊதுகுழலால் ஊதுகிறார் பத்தர். பொடி உருகும் சூட்டுக்கும் நகையே உருகிவிடும் சூட்டுக்கும் இடைவெளி கொஞ்சம். தீயின் நிறத்தைப் பார்த்தே மூச்சைக் கூட்டிக் குறைக்கிறார். இது புகைப்படத்தில் வராது. கைக்கு அருகே கமெராவை வைத்து, ஊதும் சத்தத்தோடு காணொளியாகப் பதியவேண்டும்.

வார்ப்பு நகைகள் மலிந்த பிறகு இந்த வேலை பழக வரும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். ஆகவே இதை ஆராய்ந்து இணையத்தில் ஏற்றுவது அவசரம். தொழில் நுணுக்கம் களவுபோகும் என்பாரும் உண்டு. எதை வெளியிடலாம் என்பதைப் பத்தர்மாரே தீர்மானிக்கட்டும்.

என் கவலை வேறு. ஆய்வுத் திட்டத்தின் பணம் முடிந்த பிறகு, அதில் கட்டிய இணையத்தளத்தை யார் வைத்துக் காப்பார்கள்?

ஆய்வுப் பணம் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடத்துக்குத்தான். முகப்பு அலங்காரத்துக்கே அதில் நல்ல பங்கு போய்விடுகிறது. சேர்வர் கட்டணமோ வருடாவருடம், அதுவும் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கட்டணம் ஒரு சதமும் கூடாமலே செலவு எண்பது வீதம் ஏறியது. காணொளியும் லேசான சுமையல்ல: வினாடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். தொழில்நுட்பமும் காலை வாரும். ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் நின்றது. அதை நம்பிச் செய்த பக்கங்கள் இன்று உலாவியில் திறப்பதில்லை.

ஆனால் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' போரையும் தாண்டி நிற்கிறது. தன்னார்வலர்களின் உழைப்பும் புலம்பெயர்ந்தோரின் நன்கொடையும் ஒரு திட்டத்தோடு முடிந்துபோகாததே காரணம். ஒலி, ஒளிப் பதிவுகளுக்கென்று அதன் 'ஆவணகம்' இருக்கிறது. புதிதாக ஒவ்வொருவரும் தனித்தளம் கட்டுவதைவிட, மூலப்பதிவுகளை இப்படியான களஞ்சியமொன்றில் சேர்ப்பதே புத்தி. இன்னொரு பிரதி வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் இருக்கட்டும்; மூன்றாவது அந்தப் பத்தர் குடும்பத்தின் கையில் இருக்கவேண்டும்.

திட்டம் எழுதுகிறவர்களே, பத்து வருடத்துக்கான சேர்வர் கட்டணத்தை வரவுசெலவின் முதல் வரியில் போடுங்கள். அதற்குப் பணம் தராதவர்களிடம் முகப்புக்கும் வாங்காதீர்கள்.