விமானம் ஏறிப் போகும் சட்டை

தெற்குச் சீனாவின் குவாங்சோ நகரில் பன்யூ என்றொரு பகுதி. தெருவுக்குத் தெரு தையல் பட்டறைகள். அதில் ஒரு பகுதிக்கு, இணையத்தில் ஆடை விற்கும் ஷீன் நிறுவனத்தின் பெயரால், 'ஷீன் கிராமம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. புது டிசைன் வந்தால் முதலில் நூறு, இருநூறு பீஸ்தான் தைக்கிறார்கள். இணையத்தில் விற்றால் மறு ஆர்டர், விற்காவிட்டால் அடுத்த டிசைன். தைத்த சட்டை மடித்து, கறுப்பு எழுத்தில் ஷீன் என்று அச்சடித்த பிளாஸ்டிக் ஜிப் கவருக்குள் போகிறது. அங்கிருந்து நேரே விமானம்.

இந்த விமானத்தில்தான் விஷயமே இருக்கிறது.

மற்ற ஆடை நிறுவனங்கள் பெரும்பாலும் கப்பலில் கன்டெய்னர் கன்டெய்னராக அனுப்புகின்றன. ஷீன், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிப் பார்சல் கட்டி வானில் பறக்கவிட்டே வளர்ந்தது. சரக்கு விமானத் துறையை ஆராயும் நிறுவனம் ஒன்றின் மதிப்பீட்டை மேற்கோள் காட்டி, ராய்ட்டர்ஸ் 2024 தொடக்கத்தில் ஒரு கணக்கு வெளியிட்டது: ஷீன் அனுப்பும் சரக்கு நாளொன்றுக்கு சுமார் 5,000 டன். ஒரு போயிங் 777 சரக்கு விமானம் சுமக்கக்கூடியது ஏறத்தாழ 100 டன். அப்படியென்றால் தினமும் ஐம்பது விமானம்!

அதன் விளைவு நிறுவனத்தின் அறிக்கைகளிலேயே தெரிகிறது. 2022-ல் 91.7 லட்சம் டன்னாக இருந்த கார்பன் வெளியேற்றம், 2023-ல் 1.67 கோடி டன்னானது. 2024-ல் போக்குவரத்தால் மட்டும் 85.2 லட்சம் டன். ஸாரா ஆடைக் கடைகளை நடத்தும் ஸ்பெயின் நிறுவனமான இண்டிடெக்ஸின் போக்குவரத்துக் கணக்கு அதே ஆண்டில் 26.1 லட்சம் டன்தான்.

மீதிப் புகை துணியிலேயே இருக்கிறது. 2023-ல் ஷீன் பயன்படுத்திய துணியில் முக்கால் பங்கு பாலியஸ்டர், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து பிறந்த நூல். அதற்குச் சாயம் ஏற்றக் கொதிநீரும் நீராவியும் வேண்டும். சாயப்பட்டறையை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு பாய்லர் எவ்வளவு எரிபொருளை விழுங்கும் என்று சொல்லத் தேவையில்லை. சீனாவின் மின்சாரத்திலும் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வருகிறது.

ஷீன் வாக்குறுதி கொடுக்காமல் இல்லை. பட்டறைகளும் போக்குவரத்தும் சேர்ந்த வெளியேற்றத்தை 2030-க்குள் 25 சதவீதம் குறைப்பதாகவும், 2050-க்குள் நிகர பூஜ்யத்தை, அதாவது வெளியேறும் அளவும் அகற்றப்படும் அளவும் சமமாகும் நிலையை, எட்டுவதாகவும் அறிவித்திருக்கிறது. ஒப்பிட எடுத்துக்கொண்ட ஆண்டு 2023. இங்கே கொஞ்சம் நிதானித்துக் கணக்குப் போட வேண்டும். அந்த ஆண்டுக்கு முதலில் வெளியிட்ட 1.67 கோடி டன்னில் கால் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது 1.25 கோடி டன். இலக்கை முழுதாக எட்டினாலும் 2022-ல் இருந்ததைவிட அதிகம். ஏறிய பிறகு அளந்து, கொஞ்சம் இறங்குவேன் என்பதை எப்படிக் குறைப்பு என்று ஏற்பது?

இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையமும் இந்த முரணைப் பிடித்தது. வெளியேற்றம் 2023-லும் 2024-லும் கூடியிருக்க, குறைப்பதாக விளம்பரம் செய்தது வாடிக்கையாளரைத் திசைதிருப்புவது என்று சொல்லி, 2025 ஆகஸ்டில் 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் பிரான்ஸ், போலித் தள்ளுபடிக்கும் நிரூபிக்க முடியாத சுற்றுச்சூழல் விளம்பரத்துக்கும் சேர்த்து 4 கோடி யூரோ அபராதம் போட்டிருந்தது.

தேவைக்கு மட்டும் தைப்பதால் துணி தேங்குவதில்லை என்பது ஷீனின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால், ஒரு பீஸில் மிச்சமாவது, பீஸ்களின் எண்ணிக்கை பெருகும்போது கரைந்துவிடுகிறது. விமானத்தைக் குறைத்து, விலையைக் கூட்டி, டிசைன்களைச் சுருக்கினால் அந்தக் குறைப்பு இலக்கை எட்டலாம். அப்படிச் செய்தால் இன்றைய ஷீன் இருக்காது.

2020-ல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட ஷீன், 2025-ல் ரிலையன்ஸ் மூலம் மீண்டும் இங்கே விற்பனைக்கு வந்திருக்கிறது. இந்த முறை இந்தியாவிலேயே தைத்து விற்கிறார்கள். ஆகவே நாமும் கவனிக்க வேண்டும். இனி எந்த ஆடை நிறுவனம் சுற்றுச்சூழல் அறிக்கை வெளியிட்டாலும், 2050 என்ற ஆண்டை விட்டுவிடுங்கள். போன வருடம் மொத்தம் எத்தனை டன், அதற்கு முந்தைய வருடம் எத்தனை டன் என்று தேடிப் பாருங்கள்.